போன் அம்மாவிடம், ஓடிபி மகனிடம்

கேள்வி: எல்லார் கையிலும் ஸ்மார்ட்போன் வந்துவிட்டது, டேட்டாவும் மலிவு. இன்னும் எதற்கு டிஜிட்டல் ஏற்றத்தாழ்வு என்று பேசுகிறார்கள்?

மலிவு என்பது சரிதான். 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு யூடியூப் ஓடாத வீடு எங்கள் பக்கம் குறைவு. நான் சின்ன ஊர் ஒன்றில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கையில் போனோடுதான் வருகிறார்கள்.

முதியோர் உதவித்தொகைக்கோ வருமானச் சான்றுக்கோ ஒரு அம்மா வருவார். "தம்பி, இதுல பாத்துக்கோ" என்று போனை நீட்டுவார். ஆதாரில் இருப்பதோ மகனுடைய நம்பர். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனி ஷிப்டில் இருப்பான், போனை எடுக்க மாட்டான். பத்து நிமிடத்தில் ஓடிபி காலாவதி. அவன் டீ குடிக்க வெளியே வரும் நேரத்துக்காக அந்த அம்மா என் கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அப்புறம் ஈமெயில். கட்டாயம் என்று இருந்தால் நாங்களே ஒன்று உருவாக்கிக் கொடுக்கிறோம். அதன் பாஸ்வேர்டு எங்கள் கடை நோட்டில்தான் கிடக்கும். இது எவ்வளவு ஆபத்து என்று எழுதப் போனால் தனிப் பதிலே தேவைப்படும்.

இன்னும் பெரிய விஷயம் பொறியியல் கலந்தாய்வு. 2018 முதல் ஆன்லைன். சென்னைக்கு பஸ் ஏறிப் போகும் அலைச்சல் மிச்சம், அது நல்லதுதான். ஆனால் விருப்பப் பட்டியலில் எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம், வரிசைதான் முக்கியம். வீட்டில் இன்ஜினியர் அக்கா இருக்கும் பையன் போன வருட கட்ஆஃப் எல்லாம் பார்த்து நூறுக்கு மேல் போட்டுவிடுவான். வீட்டிலேயே முதல் பட்டதாரியாகப் போகிறவன் காதில் விழுந்த பத்துக் கல்லூரியோடு நிறுத்திக்கொள்வான். ஒதுக்கீடு வந்தால் குறித்த நாளுக்குள் உறுதி செய்யவும் வேண்டும், தவறினால் அந்த இடம் போச்சு. இரண்டு பேர் மார்க்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான், போனும் ஒரே மாடலாக இருக்கும்.

பெண்கள் கதை வேறு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், 15 முதல் 49 வயதுக்குள் ஒருமுறையாவது இணையம் பயன்படுத்திய ஆண்கள் 57 சதவீதம், பெண்கள் 33. இப்போது கூடியிருக்கும். ஆனாலும் "அவர் வேலை விட்டு வந்தாத்தான் போன் கிடைக்கும்" என்பதை இன்றைக்கும் கேட்கிறேன்.

கலந்தாய்வுக்கு அரசு உதவி மையங்கள் இருக்கின்றன, காசு கிடையாது. வருகிற பிள்ளைகளை முதலில் அங்கேதான் அனுப்புகிறேன். அதுபோல மற்ற சேவைகளுக்கும் ஆள் உட்கார்ந்த கவுண்டர் ஒன்று, ஓடிபி இல்லாமல் பேப்பரில் வாங்கிக்கொள்ளும் வழி ஒன்று திறந்திருந்தால் போதும். எனக்கு வியாபாரம் குறையும், பரவாயில்லை. ஜெராக்ஸ் இருக்கிறது.