கோலாலம்பூர் பக்கம் மின்மினி எங்கே பார்க்கலாம்? காட்டில் வேறு என்னவெல்லாம் ஒளிரும்?

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் ஓர் அம்மா கேட்டிருக்கிறார். ஒன்பது வயது மகள் அறிவியல் பாடத்தில் மின்மினியைப் பற்றிப் படித்துவிட்டு வந்து, நேரில் காட்டச் சொல்கிறாளாம். எங்கே, எப்போது கூட்டிப்போகலாம், மின்மினி தவிர நம் நாட்டுக் காடுகளில் வேறு ஏதாவது ஒளிருமா என்பது கேள்வி. நான் பத்தாங் பெர்ஜுந்தையில், அதாவது இன்றைய பெஸ்தாரி ஜெயாவில், சிலாங்கூர் ஆற்றுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் இடம். கோல சிலாங்கூருக்குப் பக்கத்தில் கம்போங் குவாந்தான். கோலாலம்பூரிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கே நான்கு பேர் உட்காரும் சம்பான் என்ற சிறு படகில், துடுப்புப் போட்டே அழைத்துப் போவார்கள். எதிர்க்கரையில் புக்கிட் பெலிம்பிங் பக்கம் மின்சார மோட்டார் வைத்த படகும் உண்டு; வயதானவர்கள் கூட வந்தால் அது வசதி. எனக்குப் பிடித்தது சம்பான்தான். சத்தமே இல்லாமல் மரத்தடிக்குப் போய் நிற்கும். பினாங்குப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறீர்கள் என்றால், பெருநிலத்தில் நிபோங் தெபாலுக்குப் பக்கத்தில், கெரியான் ஆற்றங்கரைக் கிராமமான சுங்கை செனாமிலும் பார்க்கலாம்.

நாள், அமாவாசையை ஒட்டிய வாரம். வீட்டில் தொங்கும் தமிழ் நாள்காட்டி போதும். பௌர்ணமி அன்று போனாலும் பூச்சி இருக்கும், ஆனால் நிலா வெளிச்சத்தில் பாதி தெரியாது. பெருமழை பெய்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். எட்டு மணிக்குப் படகேறினால் சரியாக இருக்கும்.

அங்கே நீங்கள் பார்க்கப்போவது டெராப்டிக்ஸ் டெனெர் என்ற வண்டினம். மலாய்க்காரர்கள் கெலிப் கெலிப் என்பார்கள். ஓர் அரிசிமணி நீளம்தான் இருக்கும். ஆற்றோரத்துப் பெரெம்பாங் மரங்களின் இலைகளில் கூட்டம் கூட்டமாக வந்து உட்காரும். போன வருஷம் ஒன்று என் துப்பட்டாவில் ஒட்டிக்கொண்டு படகுத்துறை வரைக்கும் வந்துவிட்டது. துறை விளக்கில் வைத்துப் பார்த்தேன். மங்கிய பழுப்பு மஞ்சள் உடம்பு. மேல்சிறகின் நுனி கீழ்நோக்கி மடிந்திருந்தது, ரவிக்கைத் துணியின் ஓரத்தை மடித்துத் தைத்த மாதிரி. அப்படியென்றால் ஆண். டெராப்டிக்ஸ் என்ற கிரேக்கப் பெயருக்கே மடிந்த சிறகு என்றுதான் பொருள். வயிற்றின் கடைசியில் வெள்ளையாக ஒரு திட்டு, வெற்றிலையில் சுண்ணாம்பு தடவியது போல. வெளிச்சம் அங்கிருந்துதான் வருகிறது. விரல் நுனியில் ஏற்றி ஓர் இலையில் விட்டுவிட்டு வந்தேன்.

அந்த மரத்தைப் பார்க்கும்போது உங்கள் மகளிடம் 'தகிட, தகிட, தகிட' என்று சொல்லச் சொல்லுங்கள், நொடிக்கு ஒரு தகிட. கிட்டத்தட்ட அதுதான் வேகம், நொடிக்கு மூன்று மின்னல். ஒரு பூச்சி இல்லை, மரத்தில் இருக்கும் ஆண் பூச்சிகள் எல்லாம் அந்த ஒரே தாளத்தில். பெண் பூச்சிகளும் ஒளிரும், ஆனால் தாளத்தில் சேராது.

இப்படி ஒத்து மினுக்குவதை வெளிநாட்டு அறிஞர்கள் வெகுகாலம் நம்பவே இல்லை. பார்ப்பவரின் கண்ணிமை துடிப்பதால் வரும் மயக்கம் என்று 1917-இல் ஒருவர் அறிவியல் இதழிலேயே எழுதினார். 1960-களில் ஜான் பக், எலிசபெத் பக் என்ற அமெரிக்கத் தம்பதி தாய்லாந்துக்கு வந்து, ஆற்றங்கரையில் பிடித்த மின்மினிகளைப் பாங்காக்கில் தங்கியிருந்த ஹோட்டல் அறைக்குக் கொண்டுபோய், விளக்கை அணைத்துவிட்டுப் பறக்கவிட்டார்கள். முதலில் அதது இஷ்டத்துக்கு மினுக்கியது. பிறகு சுவரில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்த இரண்டு சேர்ந்தது, மூன்றாவது சேர்ந்தது, அப்படியே கூட்டம் பெருகியது. தாளம் போட நட்டுவனார் யாரும் இல்லை. ஒவ்வொரு பூச்சிக்குள்ளும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. பக்கத்துப் பூச்சியின் மின்னலைக் கண்டதும் தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்கிறது.

திருத்திக்கொள்வது வெளிச்சத்தைப் பார்த்துத்தான் என்பதால், நம் வெளிச்சம் அதைக் குழப்பிவிடும். ஒருமுறை பக்கத்துப் படகில் இருந்தவர் கேமரா ஃபிளாஷ் போட்டார். அந்தப் பக்கத்துக் கிளைகள் தாளம் தப்பி, தறிகெட்டு மினுக்கின. எங்கள் படகோட்டியான மலாய்ப் பெரியவர், "துத்தோப் லம்பு, துத்தோப் லம்பு" என்று கெஞ்சினார், விளக்கை அணையுங்கள் என்று. அன்றைக்கு அந்த மனிதர் முகத்தைப் பார்த்ததிலிருந்து, படகேறும் முன் கைப்பேசியை வண்டியிலேயே வைத்துவிடுகிறேன். கொசு மருந்தையும் படகில் தெளிக்காதீர்கள். முழுக்கைச் சட்டை போட்டுவிட்டால் போதும்.

சரி, இதையெல்லாம் வழிகாட்டிகளே சொல்வார்கள். அவர்கள் அவ்வளவாகச் சொல்லாத ஒன்று இருக்கிறது. நாம் பார்க்கும் மரம் அந்தப் பூச்சியின் வீடு இல்லை, அது கல்யாண மண்டபம். வளர்ந்த பூச்சி சில வாரம்தான் உயிரோடு இருக்கும். அதற்கு முன்னால் புழுவாகப் பல வாரங்களை மரத்துக்குப் பின்னால், கரையிலிருந்து உள்ளே தள்ளி, நிப்பாப் பனை மட்டைகளுக்கும் ஈரச்சேற்றுக்கும் நடுவில் கழிக்கிறது. அங்கே அது தின்பது நத்தை. உப்பும் நன்னீரும் கலந்த தண்ணீர் ஏறி இறங்கும் சேற்றில் வாழும் குட்டி நத்தை. தாடையால் கடித்து மயக்கி, கரைத்துக் குடிக்கும். புழுவும் ஒளிரும், முட்டையும்கூட மெல்ல ஒளிரும்.

அதனால் ஆற்றோரத்தில் ஒரு வரிசை பெரெம்பாங்கை மட்டும் விட்டுவிட்டு, பின்னால் இருக்கும் சேற்றை வடித்துச் செம்பனை நட்டால் மண்டபம் இருக்கும், கல்யாணத்துக்கு ஆள் இருக்காது. மேலே ஆற்று நீரைத் தடுத்தாலும் உப்பின் அளவு மாறும், நத்தை போகும், நத்தையோடு மின்மினியும் போகும். என் தாத்தாவும் அப்பாவும் முள்ளுத்தேங்காய், அதாவது செம்பனைக் குலை, வெட்டிய மண் அது. எங்கள் சோறு அதிலிருந்துதான் வந்தது என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் ஆற்றங்கரை வரை கன்று நட்டிருப்பதைப் பார்க்கும்போது மனசு கனக்கிறது. 2010-இல் உலகின் பல நாடுகளிலிருந்து மின்மினி ஆய்வாளர்கள் இங்கே கூடி வெளியிட்ட பாதுகாப்பு அறிக்கைக்கே 'சிலாங்கூர் பிரகடனம்' என்று பெயர். அந்தப் பெயருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

அடுத்து, காட்டில் வேறு என்ன ஒளிரும் என்ற கேள்வி. இதற்கு என் பாட்டியிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

பாட்டி பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டியவர். விடியும் முன்னே பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்குப் போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மர வரிசையான நிரைக்குள் இறங்க வேண்டும். அந்த இருட்டில் தரையோரமாகப் பச்சையாக ஏதோ ஒன்று விட்டுவிட்டு மினுக்குமாம். மின்மினி என்றால் பறக்கும், இது பறக்காது, கிட்டப் போனால் அணைந்துவிடும். முனீஸ்வரர் காவலுக்கு நிற்கிறார் என்று நினைத்து, கும்பிட்டுவிட்டு தைரியமாக நடப்பாராம். சின்ன வயதில் இதை நான் வெறும் கதை என்று நினைத்தேன்.

அது நத்தையாக இருந்திருக்கத்தான் எல்லா வாய்ப்பும் உண்டு. குவாண்டுலா ஸ்ட்ரையாட்டா என்று பெயர். நம் தீபகற்பத்திலும் சிங்கப்பூரிலும், பெருங்காட்டில் மட்டும் இல்லாமல் தோட்டம், வீட்டுக் கொல்லை என்று மனிதர் புழங்கும் இடங்களிலும் வாழ்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் ஆட்சியில் சிங்கப்பூருக்கு வந்த யாத்தா ஹனேடா என்ற விஞ்ஞானிதான் இதன் ஒளியை முதலில் கண்டு எழுதினார். நத்தை ஊர்ந்துபோகும்போது, வாய்க்குக் கீழே, காலின் முன்பகுதியில் மஞ்சள் பச்சையாக விட்டுவிட்டு மின்னும். குஞ்சு நத்தைகள்தான் நன்றாக மின்னும். முதிர்ந்ததும் பெரும்பாலும் நின்றுவிடும். நிலத்தில் வாழும் நத்தைகளில் ஒளிர்வது இது ஒன்றே என்று எண்பது வருஷம் நினைத்திருந்தார்கள். 2023-இல்தான் தாய்லாந்தில் இன்னும் சில இனங்கள் தெரியவந்தன.

இதைப் பாட்டியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "இப்பவும் அங்க இருக்குமாடி?" என்று கேட்டார். அந்த நிரைகள் இருந்த இடம் இப்போது வீடமைப்புப் பகுதி. தெருவிளக்கு வரிசையாக எரிகிறது.

அடுத்து காளான். நம் மழைக்காடுகளில் அழுகிய மரத்தில் ஒளிரும் காளான்கள் நிறையவே உண்டு. 2014-இல் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தீபகற்ப மலேசியாவில் கண்ட புது இனங்களுக்கு மைசீனா சினார், மைசீனா சாஹாயா என்று பெயர் வைத்தார்கள். சினாரும் சாஹாயாவும் மலாயில் ஒளியைக் குறிக்கும் சொற்கள். சாஹாயா வடமொழிச் 'சாயா'விலிருந்து வந்தது. அதே சொல் தமிழுக்கு வந்து 'சாயை' என நிழலானது, மலாய்க்குப் போய் வெளிச்சமானது. எனக்கு இது எப்போது நினைத்தாலும் ஆச்சரியம்தான்.

ஒன்றை மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இணையத்தில் வரும் காளான் படங்கள் கேமராவை நிமிடக்கணக்கில் திறந்து வைத்து எடுத்தவை. நேரில் அந்தப் பச்சை தெரியாது. சாம்பல் கலந்த, நீர்த்த ஒரு வெளிச்சம்தான் தெரியும். அதுவும் இருபது நிமிடம் விளக்கே இல்லாமல் உட்கார்ந்து கண் பழகிய பிறகுதான். நான் முதன்முதலில் பார்த்தபோது, நிலா வெளிச்சம் இலை இடுக்கு வழியாகக் கட்டையில் விழுகிறது என்று நினைத்தேன். கையை நீட்டி மறைத்துப் பார்த்தேன், நிழல் விழவில்லை. அப்போதுதான் புரிந்தது, வெளிச்சம் கட்டையிலிருந்தே வருகிறது. தொப்பிக்கு அடியில் தேன்கூடு மாதிரி சின்னச் சின்னக் கண்கள் இருக்கும் ஒரு வகைக் காளான், ஒரு கைப்பிடி அளவுக்குக் கொத்தாக முளைத்திருந்தது.

காளானுக்கு வெளிச்சம் எதற்கு? பிரேசிலில் ஒரு வகையை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டார்கள். பிசினில் செய்த பொய்க் காளானுக்குள் பச்சை எல்இடி வைத்துக் காட்டில் நட்டார்கள். விளக்கில்லாததை விட விளக்குள்ளதற்குப் பூச்சிகள் அதிகம் வந்தன. காற்று அசையாத காட்டுத்தரையில் வித்துகளைச் சுமந்துபோக பூச்சி வேண்டும் அல்லவா?

இவை தவிர லாம்ப்ரிகெரா என்ற பெரிய மின்மினியும் இங்கே உண்டு. அதன் பெண்ணுக்குச் சிறகே கிடையாது. விரல் நீளப் புழு போலவே இருந்து, மினுக்காமல் நின்று ஒளிரும். அதன் புழு, நம் கொல்லைச் செடிகளை மொட்டையடிக்கும் ஆப்பிரிக்க நத்தையைக்கூடத் தின்னும்.

மகள் அறிவியல் ஆர்வமுள்ள பிள்ளை என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நான் ஷா ஆலாமில் ஓர் உணவுத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டில் இருக்கிறேன். பாத்திரமும் மேசையும் கழுவிய பிறகு சுத்தமா என்று பார்க்க, ஒரு பஞ்சுக்குச்சியால் துடைத்து, குழாய்க்குள் அழுத்தி, கையடக்கக் கருவியில் வைப்போம். சில நொடியில் எண் வரும். அந்தக் குழாய்க்குள் இருப்பது மின்மினியின் சரக்குதான்: லூசிஃபெரின் என்ற பொருளும், அதை எரியவைக்கும் லூசிஃபெரேஸ் என்ற நொதியும். உயிருள்ள எல்லாவற்றிலும் ஆற்றலைச் சுமக்கும் ஏடிபி என்ற பொருள் அதோடு சேர்ந்தால் ஒளி வரும். மேசையில் உணவுத் துணுக்கோ கிருமியோ மிச்சம் இருந்தால் ஏடிபி இருக்கும், எண் ஏறும். பூச்சி தன் வயிற்றுக்குள் ஆக்சிஜனைத் திறந்து மூடி மினுக்குவதும் இதே வினையால்தான். சூடு ஏறக்குறைய இல்லாத வெளிச்சம் என்பதால் பூச்சி வெந்துபோவதில்லை. காளானின் லூசிஃபெரின் வேறு, மின்மினியினுடையது வேறு.

காளானும் நத்தையும் பார்க்க ஒன்பது வயதுப் பிள்ளையைத் தனியாக இரவுக் காட்டுக்குள் கூட்டிப்போகாதீர்கள். வனப்பூங்காக்களில் வழிகாட்டியோடு இரவு நடை இருக்கிறதா என்று முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். மழை விட்ட மறுநாள் நல்லது. காலுக்கு பூட்ஸ், கைக்கு சிவப்புத்தாள் ஒட்டிய டார்ச். முதலில் ஆற்றுக்குப் போய் வந்துவிடுங்கள். தகிட சரியாகப் பொருந்துகிறதா, இல்லை வேறு சொற்கட்டு நன்றாக வருகிறதா என்று மகளிடம் கேட்டு இங்கே எழுதுங்கள், காத்திருக்கிறேன்.