எல்டிஎல் 150: முட்டையை நிறுத்தினால் போதுமா?

"எல்டிஎல் 150 காட்டுகிறது, முட்டையை நிறுத்திவிட்டேன், போதுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. பெரும்பாலோருக்கு எல்டிஎல்லை, அதாவது கெட்ட கொலஸ்டிராலை, அதிகம் ஏற்றுவது நெய், வெண்ணெய், பாமாயில், தேங்காய் எண்ணெய், பேக்கரிப் பண்டங்களில் உள்ள நிறைவுற்ற கொழுப்புதான். அது கூடினால், கல்லீரல் ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுத்துக்கொள்ளும் வேகம் குறைகிறது. கடலை எண்ணெய், நல்லெண்ணெய்க்கு மாறுங்கள், அதையும் அளவோடு.

அப்புறம் கரையும் நார்ச்சத்து. ஓட்ஸ், பார்லி, பயறு, கொண்டைக்கடலை, வெண்டைக்காய், கொய்யா எல்லாவற்றிலும் உண்டு. குடலில் பித்த அமிலங்களைப் பிடித்து வெளியேற்றிவிடும். புதிதாகப் பித்தம் செய்யக் கல்லீரல் ரத்தத்திலுள்ள கொலஸ்டிராலை எடுத்தாக வேண்டும். தினமும் 5 முதல் 10 கிராம் சேர்த்தால் எல்டிஎல் சுமார் 5 சதவீதம் இறங்கும். பெரிய எண் இல்லைதான், ஆனால் எண்ணெய் மாற்றத்தோடு சேர்ந்தால் கணக்கு தேறும்.

நடைப்பயிற்சி வாரம் 150 நிமிடம் நல்லது. அதில் அதிகம் இறங்குவது ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு ரத்தக் கொழுப்பு, எல்டிஎல் கொஞ்சம்தான் அசையும். புகைப்பதை விட்டால் எச்டிஎல் என்ற நல்ல கொலஸ்டிரால் ஏறும்.

சரி, மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்துப் பாருங்கள். எல்டிஎல் 190 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, சர்க்கரை நோய் இருந்தாலோ உணவை மட்டும் நம்பாமல் மருத்துவரைப் பாருங்கள். ஏற்கெனவே ஸ்டேடின் (கொலஸ்டிராலைக் குறைக்கும் மருந்து) எடுப்பவர் தாமாக நிறுத்தக் கூடாது.