கிறிஸ்துமஸ் பரிசை டிசம்பர் முதல் வாரமே அனுப்பிவிடுங்கள்

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் தனியாக இருக்கிறார். மாடித்தோட்டம்தான் அவருக்கு எல்லாம். 2024 ஃபெஞ்சல் புயலில் பாதித் தொட்டிகள் போனதிலிருந்து, மழைக்காலம் வந்தாலே சோர்ந்துவிடுகிறார். மாடிக் கதவைத் திறப்பதே இல்லை. கிறிஸ்துமஸுக்கு நான் பெங்களூரிலிருந்து வருகிறேன். தோட்டத்துக்கும் ஆகி, மனசுக்கும் தெம்பாக இருக்கும்படி என்ன வாங்கலாம்?

பதில்: எதை வாங்கினாலும் 25-ஆம் தேதி வரை பெட்டிக்குள் வைத்திருக்காதீர்கள். நம் கடலோரத்தில் செடி வளர்ப்பவர்களை வாட்டுவது கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்கள்தான். அடைமழையில் வேர் அழுகும், உரம் கரைந்தோடி இலை மஞ்சளாகும், விதை போட்டால் நாற்று கழுத்தோடு சாயும். மாடி ஏறினால் போனதைத்தான் எண்ண வேண்டியிருக்கும் என்றால் யாருக்குத்தான் மனம் வரும்? அதனால் முதலில், வீட்டுக்குள்ளேயே தினமும் மாறுகிற ஒன்றைக் கொடுங்கள்.

என் தேர்வு, கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கும் கேழ்வரகுப் புல். இரண்டு அகலமான தட்டு, ஒரு கோகோபீட் (தென்னை நார்க் கழிவு) கட்டி, இரண்டு கைப்பிடி முழுக் கேழ்வரகு, அவ்வளவுதான் செலவு. டிசம்பர் 11, 12 வாக்கில் இரவு ஊறவைத்து, மறுநாள் ஈரத் துணியில் கட்டித் தொங்கவிடச் சொல்லுங்கள். முளை எட்டிப் பார்த்ததும், நனைத்துப் பிழிந்த கோகோபீட்டைத் தட்டில் அரை அங்குலம் பரப்பி, நெருக்கமாகத் தூவி, ஈரத் துணியால் மூட வேண்டும். இரண்டு மூன்று நாளில் துணியை விலக்கினால், ஊசிமுனை போல வெளிர் மஞ்சளாக நிற்கும். ஜன்னலோரம் வைத்தால் வெளிச்சம் பட்டுப் பச்சை பிடித்துவிடும். அந்த மாற்றத்தை முதன்முதலாகப் பார்த்த நாள் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. தண்ணீரைத் தெளித்தால் போதும். ஊற்றினால் பூஞ்சணம் பிடிக்கும். தினமும் போனில் "இன்னைக்கு எவ்வளவு வளந்திருக்கும்மா?" என்று கேளுங்கள். பரிசில் பாதி அந்தக் கேள்விதான்.

அடுத்தது டிசம்பர் பூச்செடி. இப்போதுதான் அதன் காலம். ஊதாவில் ஒன்று, வெள்ளையில் ஒன்று வாங்குங்கள். மணம் கிடையாது, ஆனால் கட்டினால் மாதாவுக்கு அழகான மாலை. குச்சி ஒடித்து நட்டாலும் வேர் பிடிக்கும், போன தொட்டிகளின் இடம் ஒரு வருடத்தில் நிறைந்துவிடும். தொட்டியை இரண்டு செங்கல் மேல் ஏற்றி வையுங்கள், அடி ஓட்டை அடைபடாது. கடைகளில் சிவப்பாக மின்னும் பாயின்செட்டியாவை நான் சொல்லமாட்டேன். குளிர்ந்த இடத்தில் வளர்ந்து வரும் அந்தச் சின்னத் தொட்டிச் செடி, நம் ஈரத்தில் சீக்கிரமே வேர் அழுகி இலை கொட்டிவிடும்.

கருவி தருவதானால் கிளை வெட்டும் கவாத்துக் கத்தரிக்கோல் ஒன்று போதும். அம்மாவின் கைக்கு அடங்குகிற அளவில், இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசிக் கடக்கும் வகையாக வாங்குங்கள். ஒரே அலகு தட்டையான அடியில் அழுத்தும் வகை பச்சைத் தண்டை நசுக்கிவிடும். உப்புக் காற்றில் முதலில் துருப்பிடிப்பது சுருள்வில்தான்; எனக்கு ஒரே மழைக்காலத்தில் அப்படி ஒன்று போனது. அப்புறம், வேலை முடிந்ததும் துடைத்து ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவிவைக்கப் பழகினேன். இப்போதிருப்பது வருடக்கணக்கில் உழைக்கிறது.

தைக்கு எதிர்பார்ப்பு வேண்டுமே! உங்கள் ஊருக்குப் பக்கத்துப் பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பி.எல்.ஆர் 1 ரகக் கத்தரிக்காய் விதை கொடுங்கள். டிசம்பர் இறுதியில் நாற்றுவிட்டால் ஒரு மாதத்தில் எடுத்து நடலாம். விதையோடு ஒரு சிட்டிகை சூடோமோனாஸ் (செடிக்கு நன்மை செய்யும் பாக்டீரியாப் பொடி) கலந்து விதைத்தால் நாற்று சாய்வது குறையும். பாக்கெட்டில் காலாவதி தேதியைப் பார்த்து வாங்குங்கள்.

மாடிக்குப் போகாதது ஒருபுறம் இருக்கட்டும். சாப்பாடும் தூக்கமும் குறைந்திருந்தால் மருத்துவரிடம் ஒருமுறை கூட்டிப்போங்கள்.

நீங்கள் வந்ததும் மழை விட்ட காலையில் அம்மாவோடு மாடி ஏறுங்கள். உடைந்த தொட்டிகளை நீங்களே கீழே இறக்குங்கள், அதை அவர் கையால் செய்ய விடாதீர்கள். மண்ணை மட்டும் கொட்டிவிடாதீர்கள். பொங்கல் முடிந்து வெயில் ஏறியதும் தார்ப்பாயில் நாலைந்து நாள் உலர்த்தி, மட்கிய தொழு உரம் கலந்தால், கத்தரி நாற்றுக்கு அதே மண் போதும்.