தோளுக்கு ஏற்ற ரைபிள், கண்ணுக்கு ஏற்ற ஸ்கோப்

நவம்பர் மான் வேட்டைக் காலம் நெருங்கினால் ஒன்ராறியோ வாசகர்களிடமிருந்து கேள்விகள் கூடிவிடும். இந்த முறை வந்தவற்றில் சில.

கேள்வி: லைசென்ஸ் கிடைத்துவிட்டது. முதல் ரைபிளாக .300 வின்செஸ்டர் மேக்னம் எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா? (ஸ்காபரோ)

வேண்டாம். அது பெரிய தோட்டா, வெள்ளைவால் மானுக்கு அவ்வளவு சக்தி தேவையில்லை. சுடும்போது தோளில் விழும் உதைக்குப் பயந்து, விசையை அழுத்தும் நேரத்தில் கண்ணை மூடும் பழக்கம் ஒருமுறை வந்துவிட்டால் மாற்றுவது பெரும்பாடு. குறி தவறிக் காயம்பட்ட மான் புதருக்குள் ஓடி, எங்கோ கிடந்து சாகும். அதை நினைத்தாலே மனம் வலிக்கிறது.

.308 வின்செஸ்டர் என்ற தோட்டா அளவு 1952 முதல் புழக்கத்தில் இருக்கிறது. தோட்டா எளிதாகக் கிடைக்கும், மூஸ் என்ற பெரிய மானுக்கும் போதும். உதை இன்னும் குறைய வேண்டுமானால் 6.5 கிரீட்மோர் எடுங்கள். கடைக்குக் குளிர்கோட்டைக் கொண்டுபோய், அதைப் போட்டுக்கொண்டு ரைபிளைத் தோளில் வைத்துப் பாருங்கள். வேட்டையாடப் போவது அந்தக் கோட்டோடுதானே.

இன்னொன்று: தென் ஒன்ராறியோவின் பல பகுதிகளில் மான் வேட்டைக்கு ரைபிளுக்கே அனுமதி இல்லை, ஷாட்கன்தான். பணம் கட்டும் முன் உங்கள் பகுதியின் விதிகளைப் பாருங்கள்.

கேள்வி: 3-9x40 ஸ்கோப் போதுமா, 6-24x50 வாங்கவா? (பிரம்டன்)

3-9x40, அதாவது 3 முதல் 9 மடங்கு உருப்பெருக்கமும் 40 மில்லிமீட்டர் முன் லென்ஸும், தாராளம். காட்டுக்குள் பெரும்பாலும் 100 மீட்டருக்குள்தான் சுடுவீர்கள். அங்கே 6 மடங்கில் பார்த்தால் மானின் மயிர்தான் தெரியும், மான் தெரியாது. 50 மில்லிமீட்டர் லென்ஸுக்கு, ஸ்கோப்பைப் பிடிக்கும் ரிங் உயரமாக வேண்டியிருக்கும். அப்போது கன்னம் ரைபிளின் பின்கட்டையில் படியாது.

கேள்வி: ஸ்கோப்பில் பார்த்தால் ஓரத்தில் கறுப்பு வளையம் தெரிகிறது. நண்பர் ஒருவருக்குப் புருவமே வெட்டுப்பட்டது. எப்படிப் பொருத்துவது? (மார்க்கம்)

இரண்டுக்கும் காரணம் கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் உள்ள தூரம். வேட்டை ஸ்கோப்புகளில் அது சுமார் 9 சென்டிமீட்டர். கூடினால் வளையம், குறைந்தால் புருவம்.

முதலில், தோட்டாவைத் தள்ளிப் பூட்டும் போல்ட்டைக் கழற்றி, குழலின் பின்முனை அறையில் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். ரிங் ஸ்க்ரூக்களைத் தளர்வாக விட்டு, உருப்பெருக்கத்தை உச்சத்தில் வையுங்கள். கோட்டைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடியபடி ரைபிளைத் தோளுக்குக் கொண்டுவந்து கன்னத்தைக் கட்டையில் பதியுங்கள். கண்ணைத் திறந்ததும் முழு வட்டம் தெரிய வேண்டும். கழுத்தை நீட்டியோ இழுத்தோ சரி செய்யாதீர்கள், ஸ்கோப்பை நகர்த்துங்கள். முழு வட்டம் தெரிகிற வரையில் எவ்வளவு முன்னால் வைக்க முடியுமோ அவ்வளவு நல்லது. மேட்டை நோக்கிச் சுடும்போது கண் தானாகவே ஸ்கோப்பை நெருங்கும்.

நானும் ஒரு கோடையில் டீ-ஷர்ட்டோடு பொருத்தினேன். நவம்பரில் கோட்டின் தடிப்பு ரைபிளை முன்னே தள்ள, கறுப்பு வளையத்துக்குள் நான் மானைத் தேடிக்கொண்டிருந்தேன். மான் போய்விட்டது.

அப்புறம் ஸ்கோப்புக்குள் தெரியும் சிலுவைக் குறிக்கோடு நிமிர்ந்திருக்க வேண்டும். மேசன் வைத்திருக்கும் தூக்குக்குண்டு போதும். ரைபிளை மட்டம் பார்த்து இறுக்கி வைத்து, தூரத்தில் தொங்கும் நூலோடு நிலைக்கோட்டை ஒப்பிடுங்கள். கடைசியில் ரிங் ஸ்க்ரூக்களை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக, 15 முதல் 18 இன்ச்-பவுண்டு (முறுக்கு விசையின் அளவு) வரை இறுக்குங்கள். ஸ்கோப்போடு வந்த தாளில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். கை கணக்கு வேண்டாம், குழாய் நசுங்கிவிடும்.

கேள்வி: நண்பரின் பழைய பேஸ் என் டிக்கா டி3 ரைபிளுக்குப் பொருந்துமா? (சட்பரி)

அவருடையதும் டிக்காவா என்று கேளுங்கள். ரிங்குகளைத் தாங்க ரைபிள் மேல் பூட்டும் பேஸ் மாடலுக்கு மாடல் மாறும். டி3-இன் மேற்புறத்திலேயே 17 மில்லிமீட்டர் பள்ளம் இருப்பதால், அதற்கான ரிங்குகளை நேரடியாகவே பூட்டலாம்.

கேள்வி: ஜீரோ செய்ய ஒரு பெட்டித் தோட்டா தீர்ந்துவிட்டது, இன்னும் சரியாகவில்லை. (ஸ்காபரோ)

ஜீரோ என்றால் குறிக்கோடு காட்டும் இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பைத் திருகுவது. நேரே 100 கெஜத்தில் தொடங்கியிருப்பீர்கள். 25 கெஜத்தில் தொடங்குங்கள். கால் எம்ஓஏ ஸ்கோப்பில் (திருகின் ஒரு கிளிக், 100 கெஜத்தில் சுமார் கால் அங்குலம்) 1 அங்குலம் நகர்த்த அங்கே 16 கிளிக், 100 கெஜத்தில் 4 கிளிக். ஒரு குண்டை வைத்துத் திருகாதீர்கள். மூன்று சுட்டு, அவற்றின் நடுவைப் பார்த்துத் திருகுங்கள். மூன்றும் சிதறினால் ஸ்கோப்பைத் தொடாமல் பேஸ் ஸ்க்ரூவைச் சோதியுங்கள். பாதிப் பேருக்கு அங்கேதான் தளர்ந்திருக்கும். வேட்டைக்கு எந்தத் தோட்டாவோ அதையே ஜீரோவுக்கும் பயன்படுத்துங்கள்.