மாப்பிள்ளை கையெழுத்து

கேள்வி: சிங்கப்பூரில் 22 வருடம் வேலை பார்த்துவிட்டேன். பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியாவின் ஜொகூர் பாருவில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை போட ஆசை. கையில் 80,000 சிங்கப்பூர் வெள்ளி இருக்கிறது. வெளிநாட்டுக்காரன் என்பதால் பதிவு, லைசென்ஸ் எல்லாம் தங்கை கணவர் பெயரில். அங்கே அரசாங்கத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர், தங்கமானவர், கையெழுத்துப் போடச் சம்மதித்துவிட்டார். வார இறுதியில் நான் போய்க் கல்லாவில் இருப்பேன். எந்த இடத்தில் போட்டால் கடை ஓடும்?

பதில்: இடம் கிடக்கட்டும். தங்கமானவர் என்கிறீர்கள், அந்தத் தங்கத்தை அடகு வைத்துத்தானே கடை போடப் பார்க்கிறீர்கள்?

மாப்பிள்ளை அரசு ஊழியர். மலேசியாவின் 1993 அரசு ஊழியர் ஒழுங்கு விதிகள்படி, துறைத் தலைவரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் அவர் வியாபாரம் நடத்தக் கூடாது. நேரடியாகவும் கூடாது, மறைமுகமாகவும் கூடாது. அனுமதி வாங்கினாரா என்று கேட்டீர்களா? கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை.

மலேசிய நிறுவன ஆணையமான எஸ்எஸ்எம்மில் எண்டர்பிரைஸ், அதாவது தனியாள் கடைப் பதிவு குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். கடைப் பெயருக்கு வருடம் 60 ரிங்கிட். அந்த 60 ரிங்கிட்டைப் பார்த்துத்தான் பலரும் ஏமாறுகிறார்கள். எண்டர்பிரைஸ் என்றால் கடை வேறு, ஆள் வேறு இல்லை. கடை வாடகை பாக்கி, காய்கறிக்காரர் பாக்கி, வேலையாட்களுக்குக் கட்டாத இபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) எல்லாம் அவர் தலையில் விழும். கடை லாபம் அவர் வருமானமாக வரிக் கணக்கில் ஏறும். கடன் 100,000 ரிங்கிட்டை எட்டினால் அவரைத் திவாலாக்க வழக்குப் போடலாம். கடன் முற்றினாலே அரசு ஊழியர் மீது ஒழுங்கு நடவடிக்கை வரலாம். நீங்களோ பாலத்தைத் தாண்டி வீட்டுக்கு வந்துவிடுவீர்கள். மாப்பிள்ளை ஏமாற்றிவிடுவாரோ என்று பயந்து எழுதுகிறவர்களே அதிகம். உங்கள் விஷயத்தில் நான் அவருக்காகத்தான் பயப்படுகிறேன்.

கல்லாவில் உட்காருவதும் நடக்காது. சுற்றுலாப் பயணியாக உள்ளே போகிறவர் அங்கே வேலை செய்யக் கூடாது. சொந்தக் கடை என்றாலும் குடிநுழைவு அதிகாரி விடமாட்டார்.

சென்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் நிறுவனம் தொடங்கலாமே என்பீர்கள். பதிவுக்கு 1,000 ரிங்கிட், 30 நாளில் ஒரு செயலாளர், மலேசியாவில் வசிக்கும் ஓர் இயக்குநர். அதுவரை சுலபம். ஆனால் வெளிநாட்டுப் பங்குள்ள சில்லறை, சேவைத் தொழிலுக்கு உள்நாட்டு வாணிப அமைச்சின் அனுமதி வேண்டும், செலுத்திய மூலதனம் குறைந்தது 10 லட்சம் ரிங்கிட். போதாததற்கு, சாதாரண உணவகம் வெளிநாட்டினருக்கு அனுமதியில்லாத பட்டியலிலேயே இருக்கிறது. ஆக, இது உங்கள் கடையாக இருக்க முடியாது.

தங்கை மலேசியக் குடிமகளோ நிரந்தரவாசியோ என்றால் ஒரு வழி உண்டு. கடை நிஜமாகவே அவருடையதாக இருக்க வேண்டும்: முதலாளி அவர், வங்கிக் கணக்கு அவருடையது, முடிவும் அவருடையது. நீங்கள் கடன் கொடுப்பவர், அவ்வளவுதான். கடன் ஒப்பந்தம் எழுதி, கையெழுத்தான 30 நாளுக்குள் முத்திரைத் தீர்வை கட்டுங்கள். மனைவி சொத்தையும் அரசு ஊழியர் அறிவிக்க வேண்டும் என்பதால் மாப்பிள்ளை கடையைத் தன் துறைக்குத் தெரிவிக்கட்டும். சமையலறை ஆட்களுக்கு டைபாய்டு ஊசியும் உணவு கையாளுவோர் பயிற்சியும் கட்டாயம். ஊசியை மூன்று வருடத்துக்கு ஒருமுறை போட வேண்டும். மாநகர் மன்ற லைசென்ஸ் வருமுன் வாடகைக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

80,000 முழுவதையும் இறக்க வேண்டாம். திரும்பி வராவிட்டாலும் தங்கையோடு பேச்சு நிற்காத அளவு தொகை எது என்று உங்களுக்கே தெரியும். அதை மட்டும் கொடுங்கள்.

அண்ணன் கேட்டால் தங்கை வீட்டில் மறுக்க மாட்டார்கள். அதனால்தான் அண்ணன் கேட்கக் கூடாத சில விஷயங்கள் உண்டு. இந்த ஞாயிறே போய், கையெழுத்து வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். தங்கையையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசுங்கள். மாப்பிள்ளை சம்மதித்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். தங்கை என்ன சொன்னார் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.