தனியே பழகும் கூடைப்பந்து வீராங்கனைக்கு: ரிங்குக்கு அருகில் வாருங்கள், இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள்

கேள்வி: நான் திருமங்கலத்தில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன், பள்ளிக் கூடைப்பந்து அணியில், பந்தைத் தட்டி முன்னே கொண்டுசெல்லும் கார்டாக ஆடுகிறேன். எங்கள் உடற்கல்வி ஆசிரியர் கபடி, வாலிபால், தடகளம் என எல்லா அணிகளையும் ஒருவராகவே கவனிக்க வேண்டியிருப்பதால் வாரத்தில் இரண்டு நாள்தான் கூட்டுப் பயிற்சி நடக்கிறது. மற்ற நாள்களில் மாலையில் ஒரு மணி நேரம் சிமெண்ட் களத்தில் தனியாகப் பழகுகிறேன். பெரும்பாலும் மூன்று புள்ளிக் கோட்டிலிருந்து எறிவேன். அங்கே ஓரளவு விழுந்த பந்து, மதுரையில் நடந்த போட்டியில் ரிங்கின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பிக்கொண்டே இருந்தது. எதிரணியினர் என்னை இடது பக்கமாகத் திருப்பிவிட்டால் பந்தையும் பறிகொடுத்துவிடுகிறேன். தனியாளாக என்னென்ன பயிற்சிகள் செய்தால் முன்னேறலாம்?

பதில்: நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளுக்கும் வேர் ஒன்றுதான். உங்களுக்குக் கிடைக்கும் ஒரு மணி நேரத்தின் பெரும்பகுதி, ஆட்டத்திலேயே கடினமான எறிதலை, மூச்சு வாங்காமல் நின்ற இடத்திலிருந்து, நன்றாக வரும் கையாலேயே திரும்பத் திரும்பச் செய்வதில் கழிகிறது. போட்டியிலோ, ஓடிக் களைத்த கால்களோடு, ஒவ்வொரு முறையும் வேறோர் இடத்திலிருந்து, எதிராளி விட்டுவைக்கும் பக்கத்தில்தான் ஆடியாக வேண்டும். எனவே ஒரு மாதத்துக்கு மூன்று புள்ளி எறிதலை முழுவதுமாக ஒதுக்கிவைத்துவிட்டு ரிங்குக்கு அருகில் வாருங்கள்; அடுத்தடுத்த இரண்டு முயற்சிகள் ஒன்றுபோல் அமையாதவாறு பயிற்சியை மாற்றிக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் ஓர் அளவு நாடாவைக் கொண்டுபோய்க் களத்தை அளந்துவிடுவது நல்லது. தரையிலிருந்து ரிங்கின் மேல்விளிம்பு 3.05 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். பழைய தளத்தின் மேலேயே மறுபடி சிமெண்ட் பூசினால், தரை உயர்ந்து கம்பம் அப்படியே நிற்பதால், ரிங் சில சென்டிமீட்டர் தாழ்ந்துபோகும். அதைவிட முக்கியமானது மூன்று புள்ளிக் கோடு. உலகக் கூடைப்பந்து அமைப்பான ஃபீபா அந்தக் கோட்டை 2010-இல் 6.25 மீட்டரிலிருந்து 6.75 மீட்டருக்குத் தள்ளிவைத்தது. உங்கள் பள்ளிக் களத்தில் பழைய கோட்டின் மீதே வண்ணம் பூசிக்கொண்டு வந்திருந்தால், நீங்கள் பழகிய தூரத்தைவிட அரை மீட்டர் கூடுதலான தூரத்திலிருந்து போட்டியில் எறிந்திருப்பீர்கள். பந்து முன்விளிம்பில் பட்டுத் திரும்ப அதுவே போதும். ரிங்கின் மையத்துக்கு நேர்கீழே தரையில் ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து கயிறு பிடித்து அளந்துபாருங்கள். எதிரணியின் தவறுக்காகத் தடுப்பாரின்றி எறியக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவுக்கான கோடு, ரிங் பொருத்தியிருக்கும் போர்டின் முகப்புக்கு நேர்கீழிருந்து 4.60 மீட்டரில் இருக்க வேண்டும்; அழிந்துபோயிருந்தால் சாக்பீஸால் வரைந்துகொள்ளலாம்.

பந்தையும் பாருங்கள். பெண்கள் ஆட்டத்துக்கு உரியது 6-ஆம் எண் பந்து. அதன் எடை 510 முதல் 550 கிராம் வரை இருக்கும். ஆண்களுக்கான 7-ஆம் எண் பந்து 580 முதல் 620 கிராம் வரை இருக்கும். பையன்களுக்கும் பெண்களுக்கும் சேர்த்து 7-ஆம் எண் பந்துகளை மட்டும் வாங்கிவைத்திருக்கும் பள்ளியில், மாணவிகள் அந்த எடையைச் சமாளிக்க இரண்டு கைகளாலும் மார்பிலிருந்து தள்ளிப் பழகிவிடுகிறார்கள். பிறகு அதைத் திருத்துவதற்கு நெடுநாள் ஆகிறது. சிமெண்ட் தரைக்குத் தோல் பந்து தாங்காது என்பதால், 6-ஆம் எண்ணில் ஒரு ரப்பர் பந்தைச் சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி எறிதல். முதல் பத்து நிமிடம் ரிங்குக்கு முன்னால் இரண்டு எட்டு தூரத்தில் நின்று, வலது கையால் மட்டும் எறியுங்கள்; இடது கை பந்தின் பக்கவாட்டில் தாங்கலாக இருந்துவிட்டு, பந்து புறப்படும்போது விலகிவிட வேண்டும். முழங்கை ரிங்கை நோக்கி நேராக இருக்கட்டும். உள்ளங்கையில் படாமல் விரல்களின் மேல் பந்து அமரட்டும். எறிந்து முடித்த பிறகு மணிக்கட்டு மடிந்து, விரல்கள் ரிங்குக்குள் கைவிடுவதுபோல் ஒரு கணம் மேலேயே நிற்கட்டும். விசை முழங்கால் மடிப்பிலிருந்து வர வேண்டும் என்பதைத் தனியாகவே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் பந்து முன்விளிம்பில் படுகிறது என்றால், பெரும்பாலும் களைத்த கால்கள் மடங்க மறுத்து, கைகள் மட்டும் வேலை செய்கின்றன என்று பொருள்.

பந்து எவ்வளவு உயர்ந்து இறங்க வேண்டும் என்பதற்கு ஓர் எளிய கணக்கு இருக்கிறது. ரிங்கின் உள்விட்டம் 45 சென்டிமீட்டர். 6-ஆம் எண் பந்தின் விட்டம் ஏறத்தாழ 23 சென்டிமீட்டர். தரைக்கு 45 டிகிரிச் சாய்வில் இறங்கும் பந்துக்கு அந்தத் திறப்பு ஏறத்தாழ 32 சென்டிமீட்டர் அகலமாகத் தெரியும். பந்து 30 டிகிரிச் சாய்வில் தட்டையாக வந்தாலோ அது 22.5 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். பந்தைவிடச் சிறியதாகிவிட்ட அந்தத் திறப்பில், விளிம்பில் படாமல் பந்து நுழையவே முடியாது. ஆகவே பந்து ரிங்கைவிட நன்றாக உயர்ந்து வளைந்து இறங்குகிறதா என்று ஒவ்வோர் எறிதலிலும் கவனியுங்கள். அருகிலிருந்து பழகும்போது இந்த வளைவு எளிதில் கைவரும். தூரத்திலிருந்து தொடங்கினால் தூரத்தை எட்டுவதே பெரும்பாடாகிவிடுவதால், உடல் தானாகவே தட்டையாக எறியக் கற்றுக்கொண்டுவிடும்.

கை ஓரளவு பழகியதும் ரிங்கைச் சுற்றி இரண்டரை மீட்டர் தொலைவில் ஐந்து இடங்களைச் சாக்பீஸால் குறித்து, ஒரே இடத்திலிருந்து அடுத்தடுத்து இருமுறை எறிவதில்லை என்பதை விதியாக வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு ஆய்வின் துணையும் உண்டு. 1979-இல் ஜான் ஷே, ராபின் மார்கன் என்ற இருவர் கை அசைவுகளைக் கற்பது பற்றி நடத்திய சோதனையில், ஒரே அசைவைத் தொடர்ச்சியாகப் பழகியவர்கள் பயிற்சியின்போது சிறப்பாகச் செய்தார்கள். வெவ்வேறு அசைவுகளைக் கலந்து பழகியவர்களோ பின்னர் வைத்த சோதனையில் முந்திவிட்டார்கள். இடத்தை மாற்றும்போது ஒவ்வொரு முறையும் தூரத்தையும் விசையையும் மூளை புதிதாகக் கணக்கிட வேண்டியிருப்பதால், அந்தக் கணக்கு மனத்தில் ஆழமாகப் பதிகிறது என்பதே இதற்குச் சொல்லப்படும் விளக்கம். இப்படிப் பழகும் முதல் சில நாள்களில் விழும் பந்துகளின் எண்ணிக்கை குறையும். அதைக் கண்டு கலங்கிப் பழைய முறைக்குத் திரும்பிவிடாதீர்கள் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் நல்ல பயிற்சியைப் பலரும் கைவிடுவது இந்த இடத்தில்தான்.

பாஸ் கொடுக்க ஆள் இல்லாத குறைக்கும் வழி இருக்கிறது. பந்தை இரண்டு கைகளாலும் பிடித்து, உங்களை நோக்கியே சுழலுமாறு பின்சுழற்சி கொடுத்து, அடுத்த புள்ளியை நோக்கி எறியுங்கள். தரையில் பட்டதும் பந்து உங்கள் பக்கமாக எழும்பும். ஓடிப்போய்ப் பிடித்து, இரண்டு பாதங்களும் ஒரே நேரத்தில் தரையில் படுமாறு நின்று, ரிங்கை நோக்கித் திரும்பி எறியுங்கள். இரு பாதங்களாலும் சேர்ந்து நின்றால் எந்தக் காலையும், திரும்பும்போது தரையை விட்டு எடுக்காத ஊன்றுகாலாக வைத்துக்கொள்ளலாம் என்பதால், பந்தைத் தட்டாமல் கூடுதலாக அடிவைக்கும் டிராவலிங் தவறும் குறையும். எறிந்த பந்தை நீங்களே துரத்திப் பிடித்து, அடுத்த இடத்துக்கு இடது கையால் தட்டிக்கொண்டு செல்லுங்கள். அப்படிச் செய்தால் நடக்கும் நேரமும் பயிற்சியாகிவிடும்.

இடது பக்கத்தைப் பொறுத்தவரை, ரிங்குக்கு அருகே எம்பி ஒரு கையால் பந்தைப் போடும் லே-அப்பிலிருந்து தொடங்குங்கள். முதலில் பந்தைத் தட்டாமல், ரிங்கின் இடது பக்கத்தில் இரண்டு எட்டு தள்ளி நின்று, இடது கால், வலது கால் என்று வைத்து, வலது காலால் எம்பி, இடது முழங்காலை உயர்த்தி, இடது கையால் போர்டில் உள்ள சட்டத்தின் இடது மேல்மூலையில் பந்தை மெல்ல வையுங்கள். வலது கைக்காரர்களுக்கு இதில் சிக்கல் கையைவிடக் காலில்தான் அதிகம். கால் வரிசை சரியானால் கை தானாகப் பின்தொடரும். அது பிடிபட்டதும் மைக்கன் பயிற்சிக்குப் போகலாம். 1940-களில் அமெரிக்காவின் டிபால் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் மைக்கன் என்ற நெடிய, கால் ஓட்டம் குறைந்த இளைஞரை ரே மேயர் என்ற பயிற்சியாளர் பெரிய வீரராக உருவாக்கினார். அந்த மைக்கன் பெயரால் இன்றும் வழங்கும் பயிற்சி இது. ரிங்குக்கு அடியில் நின்று வலது கையால் வலது பக்கம் ஒன்று போட்டு, பந்து தரையைத் தொடுமுன் பிடித்து, ஓரடி நகர்ந்து இடது கையால் இடது பக்கம் ஒன்று என்று விடாமல் மாற்றி மாற்றிப் போட வேண்டும். பந்து தாடைக்குக் கீழே இறங்கக் கூடாது. அரை நிமிடம் செய்து ஒரு நிமிடம் ஓய்வெடுத்து, மூன்று சுற்று போனால் ஒரு நாளைக்குப் போதும்.

பந்து பறிபோவதற்கு இடது கையின் பலவீனத்தோடு, தலை குனிந்து பந்தைப் பார்ப்பதும் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். தலை குனிந்தவருக்கு எதிராளியின் கை வருவது தெரியாது. இதற்கு நமது தெருக் கிரிக்கெட்டில் ஆடும் டென்னிஸ் பந்து ஒன்று போதும். முழங்காலை மடித்து நின்று, இடது கையால் கூடைப்பந்தை இடுப்புக்குக் கீழே வலுவாகத் தட்டிக்கொண்டே, வலது கையால் டென்னிஸ் பந்தைச் சுவரில் எறிந்து பிடியுங்கள். பறக்கும் பந்தைக் கண் தொடர்ந்தாக வேண்டும் என்பதால், குனிந்து பார்க்கும் பழக்கம் தானாக விடுபடும். பிறகு நான்கைந்து செங்கற்களையோ செருப்புகளையோ வளைந்து வளைந்து வைத்து, அவற்றிடையே பந்தைத் தட்டிச் செல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் வேகத்தைக் குறைத்து, கையை மாற்றிய உடனே முதல் இரண்டு எட்டுகளை விரைவாக எடுத்துவைக்க வேண்டும். எதிராளியைத் தாண்டவைப்பது இந்த வேக மாற்றமே. கையை மாற்றும்போது பந்து முழங்கால் உயரத்துக்கு மேல் எழாமலும், உங்கள் தோளும் மறுகையும் எதிராளிக்கும் பந்துக்கும் இடையில் இருக்குமாறும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃப்ரீ த்ரோவை மொத்தமாக ஐம்பது, நூறு என்று போடுவதால் பயன் குறைவு. போட்டியில் பெரும்பாலும் இரண்டுதான் கிடைக்கும், அதுவும் ஓடிக் களைத்த பிறகு. ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் களத்தின் 28 மீட்டர் நீளத்தை ஒருமுறை ஓடிப்போய்த் திரும்பி, மூச்சு அடங்குமுன் இரண்டே இரண்டு எறியுங்கள். நடுவர் பந்தைக் கொடுத்த பிறகு ஐந்து நொடிக்குள் எறிய வேண்டும் என்பது விதி. அதற்குள் முடியும் ஒரு சிறு ஒழுங்கை, உதாரணமாக இரண்டு தட்டு, ஒரு மூச்சு, எறிதல் என்று, எப்போதும் மாறாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

சிமெண்ட் தரையைப் பற்றி எச்சரிக்காமல் விட முடியாது. முழங்காலின் முன்சிலுவைத் தசைநார் கிழியும் காயம் ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூடுதலாக ஏற்படுகிறது. பெரும்பாலும் யாரும் மோதாமல், குதித்து இறங்கும்போதோ திடீரென்று திரும்பும்போதோ அது நடக்கிறது. இறங்கும்போது இரண்டு கால்களாலும் முழங்காலை மடித்து ஓசையின்றி இறங்குங்கள். முழங்கால்கள் உட்பக்கமாகச் சாயாமல் பாதத்துக்கு நேராக இருக்க வேண்டும். பயிற்சிக்கு முன் பந்தில்லாமல் எட்டுப் பத்து முறை இப்படிக் குதித்து இறங்கிப் பழகுங்கள். தளத்தில் மணல் படிந்திருந்தால் பெருக்கிவிட்டே தொடங்குங்கள். கணைக்கால் எலும்பின் முன்புறத்திலோ முழங்காலுக்குக் கீழேயோ இரண்டு மூன்று நாள்களாக வலி நீடித்தால், குதிக்கும் பயிற்சிகளை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சித்திரை, வைகாசியில் மாலை ஐந்து மணிக்கும் தரை கொதித்துக்கொண்டிருக்கும். அந்த மாதங்களில் காலை ஆறு மணிக்குப் பயிற்சியை மாற்றிக்கொண்டு, கால் மணிக்கு ஒருமுறை தண்ணீரும் முடிந்த பின் உப்பிட்ட நீர்மோரும் குடியுங்கள்.

ஒரு நோட்டில் தேதியிட்டு, ஐந்து இடங்களிலிருந்தும் கலந்து எறிந்ததில் பத்துக்கு எத்தனை விழுந்தன, இடது லே-அப்பில் பத்துக்கு எத்தனை என்று எழுதிவையுங்கள். கலந்து எறியும்போது பத்துக்கு ஏழு என்று தொடர்ந்து சில நாள்கள் வந்தால் ஓர் எட்டு பின்னால் போகலாம். குறைந்தால் மீண்டும் முன்னால் வாருங்கள். ஃப்ரீ த்ரோ கோட்டின் தூரத்தில் எறிதலின் வடிவம் குலையாமல் இந்தக் கணக்கு வந்த பிறகு மூன்று புள்ளிக் கோட்டைப் பற்றி யோசிக்கலாம். அதுவும் நாடாவால் அளந்த 6.75 மீட்டர் கோட்டையே.

பாஸையும் தடுப்பாட்டத்தையும் தனியாகப் பழகுவதற்கு ஓர் எல்லை உண்டு. சுவரில் குறி வைத்து மார்புப் பாஸும் தரைப் பாஸும் எறிந்து பழகலாம். மற்றவற்றுக்கு ஆள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அணித்தோழி ஒருவரை அழைத்து, இடது கையால் மட்டுமே தட்டலாம் என்ற நிபந்தனையோடு ஒருவருக்கொருவர் ஆடிப்பாருங்கள். கூட்டுப் பயிற்சி நடக்கும் இரண்டு நாள்களிலும் அந்த நோட்டை உங்கள் ஆசிரியரிடம் காட்டி, பொதுவாகத் திருத்தச் சொல்லாமல், முழங்கை நேராக இருக்கிறதா என்ற ஒன்றை மட்டும் பார்த்துச் சொல்லுமாறு கேளுங்கள். எத்தனை அணிகளைக் கவனிப்பவராக இருந்தாலும் அதற்கு அவருக்கு இரண்டு நிமிடம் இருக்கும்.