பம்ப் ஷாஃப்ட் வளைகிறதா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஹைட்ராலிக் பிரஸ்ஸில் 45 சிசி ஆக்சியல் பிஸ்டன் பம்ப், 30 கிலோவாட் 4 போல் மோட்டார். இரண்டும் பேஸ் பிளேட்டில் தனித்தனிக் காலில் நிற்கின்றன. ஆறு மாதத்தில் மூன்று ஆயில் சீல் போய்விட்டது. ஒவ்வொரு முறையும் ஸ்கேல் வைத்து அலைன்மென்ட் (இரண்டு ஷாஃப்ட்டும் ஒரே நேர்க்கோட்டில் நிற்பது) பார்த்துத்தான் மாட்டுகிறோம். எங்கே தவறு? (ஓசூர்)

பதில்: முதலில் கேஸ் ட்ரெயின் லைனை, அதாவது பம்ப் உடலுக்குள் கசியும் எண்ணெயை டேங்குக்குத் திருப்பும் குழாயைப் பாருங்கள். அது நசுங்கியிருந்தாலோ ஃபில்டர் அடைத்திருந்தாலோ பம்ப் உடலுக்குள் பிரஷர் ஏறி, எவ்வளவு நேராக மாட்டினாலும் சீல் நிற்காது. ட்ரெயின் போர்ட்டில் சின்ன கேஜ் போட்டால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அங்கே குறை இல்லை என்றால் ஷாஃப்ட்டுக்கு வாருங்கள். இந்த வகைப் பம்பில் ஷாஃப்ட் சுழற்று விசையை மட்டும் தாங்குவதில்லை. பிஸ்டன்களை முன்னும் பின்னும் நகர்த்தும் ஸ்வாஷ் பிளேட் என்ற தட்டு சாய்வாக இருப்பதால் ஒவ்வொரு பிஸ்டனும் தான் ஓடும் சிலிண்டர் பிளாக்கைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. 17 மிமீ பிஸ்டன் 9, சாய்வு 18 டிகிரி, 250 பார் என்று கணக்குப் போடுங்கள். ஒரு பிஸ்டன் கொடுக்கும் பக்கத் தள்ளு சுமார் 1,840 நியூட்டன். எந்த நேரத்திலும் சராசரியாக நாலரை பிஸ்டன் பிரஷர் பக்கம் இருக்கும். ஆக 8,300 நியூட்டன், அதாவது 840 கிலோவுக்கு மேல், எப்போதும் ஒரே திசையில் ஷாஃப்ட்டை வளைக்கப் பார்க்கிறது. இது கச்சிதமாக அலைன் செய்த பம்பிலும் உண்டு. தயாரிப்பாளர் இதற்கெல்லாம் சேர்த்துத்தான் பேரிங் போட்டிருக்கிறார். மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங் பக்கத்திலிருந்து நாம் கூட்டும் வளைவுக்கு அவர் அதிக இடம் விட்டிருக்க மாட்டார். அந்தக் கூடுதல் வளைவை முதலில் வாங்குவது சீலின் உதடு. அடுத்து முன் பேரிங். அதுவும் தளர்ந்தபின் சிலிண்டர் பிளாக், எண்ணெய் வந்து போகும் துளைகள் உள்ள வால்வ் பிளேட்டின் மேல் ஒரு பக்கமாகத் தூக்கி, கேஸ் ட்ரெயினில் எண்ணெய் கூடுதலாக வரத் தொடங்கும்.

ஸ்கேலும் ஃபீலர் கேஜும் வைத்து 0.2 மிமீ விலகலைப் பிடிப்பதே சிரமம். உங்களுக்கு வேண்டியது 0.05 மிமீ. டயல் கேஜ் இல்லாமல் இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

மின்சாரத்தைத் துண்டிக்கும் ஐசொலேட்டரைப் பூட்டி, அக்குமுலேட்டர் (பிரஷரில் எண்ணெயைச் சேமிக்கும் கலன்) இருந்தால் பிரஷரை இறக்கிவிட்டுத் தொடங்குங்கள். மோட்டாரின் நான்கு கால் போல்ட்டையும் இறுக்கிவிட்டு, ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள். தளர்த்தும்போது கால் 0.05 மிமீக்கு மேல் எழும்பினால் அங்கே ஷிம் (காலுக்கு அடியில் வைக்கும் மெல்லிய தகடு) வேண்டும். இதைச் சரிசெய்யாமல் எடுக்கும் எந்த அளவும் மறுமுறை இறுக்கும்போது மாறிவிடும். ஒரு காலுக்கு மூன்று, நான்கு ஷிம்முக்கு மேல் அடுக்க வேண்டாம். ஸ்பிரிங் போல அமுங்கும். கனமான ஒன்றாகப் போடுங்கள்.

பிறகு மேக்னட் ஸ்டாண்டை மோட்டார் ஹப்பில் (ஷாஃப்ட்டில் ஏறியிருக்கும் கப்ளிங் பாதி) வைத்து, டயல் முனையைப் பம்ப் ஹப்பின் விளிம்பில் தொடவிட்டு, இரண்டு ஷாஃப்ட்டையும் சேர்த்தே சுற்றுங்கள். ஒன்றை மட்டும் சுற்றினால் ஹப்பின் சொந்தக் கோணலும் அளவில் கலந்துவிடும். மேலே பூஜ்யம் வைத்து, கீழே +0.24 காட்டினால் பம்ப் மையம் 0.12 தாழ்ந்திருக்கிறது. டயல் காட்டுவதில் பாதிதான் உண்மையான விலகல். இடது, வலது இரண்டையும் கூட்டினால் மேல், கீழ் கூட்டல் வர வேண்டும். வராவிட்டால் ஸ்டாண்ட் ஆடுகிறது, அளவைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எடுங்கள்.

கோணலுக்கு ஹப் முகத்தில் டயல் வையுங்கள். 100 மிமீ ஹப்பில் மேலுக்கும் கீழுக்கும் இடைவெளி 0.06 வேறுபட்டால், கால்களுக்கு நடுவே 305 மிமீ உள்ள உங்கள் மோட்டாருக்கு முன்காலைவிடப் பின்காலில் 0.18 மிமீ மாற்றம் தேவை.

பலரும் விடுவது சூடு. 200 மிமீ மைய உயரமுள்ள மோட்டார் 30 டிகிரி சூடேறினால் மையம் சுமார் 0.066 மிமீ எழும்பும். பம்ப் பிராக்கெட் 10 டிகிரிதான் ஏறியது என்றால் வித்தியாசம் 0.044. காலையில் குளிர்ச்சியாக வைத்த 0.05 அனுமதி இதிலேயே தீர்ந்துவிடும். ஒரு மணி நேரம் லோடில் ஓட்டி, நிறுத்திய உடனே மறுபடி அளந்து, அந்த அளவுக்கு ஷிம் வையுங்கள். சக்‌ஷன் பைப் ஃபிளாஞ்சை இறுக்கும்போதும் டயல் முள்ளைப் பாருங்கள். முள் 0.05க்கு மேல் நகர்ந்தால் பைப் பம்பை இழுக்கிறது. பைப்பை வெட்டித் திருத்த வேண்டும், போல்ட்டை வைத்து இழுக்கக் கூடாது.

கேள்வி: ஸ்பைடர் கப்ளிங் (இரண்டு ஹப்புக்கும் நடுவே ரப்பர் துண்டு உள்ளது) கேட்டலாக்கில் இதைவிடப் பல மடங்கு விலகல் அனுமதி என்று போட்டிருக்கிறதே?

பதில்: அது கப்ளிங் பிழைப்பதற்கான அளவு. ரப்பர் அமுங்கும்போது அந்த விசை இரண்டு ஷாஃப்ட்டுக்கும்தான் போகிறது.

கேள்வி: பம்ப் ஷாஃப்ட் முறிந்துவிட்டது. ஓவர்லோடா, அலைன்மென்ட்டா என்று எப்படிச் சொல்வது?

பதில்: முறிந்த முகத்தைத் துடைக்காமல், இரண்டு துண்டையும் ஒன்றோடொன்று உரசாமல் வையுங்கள். கீவே (ஷாஃப்ட்டில் சாவிக்கட்டை அமரும் பள்ளம்) மூலையில் தொடங்கி, சிப்பி ஓட்டின் கோடுகள் போல வளையம் வளையமாகப் பரவி, கடைசியில் ஒரு சிறு பகுதி மட்டும் கரடுமுரடாக இருந்தால் அது வளைவுச் சோர்வு. 1,450 ஆர்பிஎம்மில் மணிக்கு 87,000 முறை வளைந்து நிமிர்கிறது. 115 மணி நேரத்தில் 1 கோடி. அதனால்தான் சரியாக மாட்டாத ஷாஃப்ட் சில வாரங்களிலேயே முறிகிறது. ஸ்பிளைன் பற்கள் (ஷாஃப்ட்டில் நீளவாக்கில் வெட்டியவை) திருகிக்கொண்டிருந்தால் ஓவர்லோடு. பிரஷர் எல்லை மீறாமல் தடுக்கும் ரிலீஃப் வால்வைச் சோதியுங்கள். ஸ்பிளைனில் செங்கல் நிறத் தூள் இருந்தால் பற்கள் உரசித் தேய்கின்றன, அலைன்மென்ட்டையும் கிரீஸையும் பாருங்கள்.

புது ஷாஃப்ட்டில் ஹப்பைச் சுத்தியலால் அடித்து ஏற்றாதீர்கள். அந்த அடி நேரே பேரிங்கில் இறங்கும். ஸ்பைடரைக் கழற்றிவிட்டு ஹப்பை 100 டிகிரிக்குச் சூடாக்குங்கள், கையால் தள்ளினாலே ஏறும். ஓட்டும் முன் பம்ப் உடலில் எண்ணெய் நிரப்ப மறக்க வேண்டாம்.

கேள்வி: இடமில்லை. பெல்ட் போட்டு ஓட்டலாமா?

பதில்: பெரும்பாலான பிஸ்டன் பம்புகளில் கூடாது. ஷாஃப்ட்டை ஏற்கனவே வளைக்கப் பார்க்கும் அந்த 840 கிலோவோடு பெல்ட் இழுப்பும் சேரும். வேறு வழியில்லை என்றால் புல்லியைத் தனி பேரிங் பெடஸ்டலில் ஏற்றி, அங்கிருந்து கப்ளிங் வழியாகப் பம்பை ஓட்டுங்கள்.